பெட்டியில் அடங்காத மூன்று

எல்லோர் முன்னிலையிலும் எனக்கு நன்றி சொல்லித்தான் கமலவல்லி என்னைக் கவிழ்த்தாள். அதனால்தான் இதை யாரிடமும் விளக்க முடியாமல் தவிக்கிறேன். திட்டியிருந்தால் நாலு பேர் நியாயம் கேட்டிருப்பார்கள். எதையாவது திருடிக்கொண்டு ஓடியிருந்தால் துரத்தியாவது போயிருப்பேன். அவளோ கடைசி ஸ்லைடில் என் பெயரைப் போட்டு, என் பக்கம் கையை நீட்டிச் சிரித்தாள். ஹாலில் கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் என் தோளைத் தட்டிக்கூடக் கொடுத்தார்.

முதலிலிருந்தே சொல்கிறேன். ஆத்திரத்தில் முன்னும் பின்னுமாகச் சொன்னால் என் பக்கம்தான் தப்பு என்று தோன்றிவிடும்.

என் பெயர் உதயா. ஊர் நகரி. வீட்டில் பவர்லூம். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே வளர்ந்ததால், நான் சாதாரணமாகப் பேசினாலும் லேபில் சண்டை போடுகிறேன் என்று நினைப்பார்கள். திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியலில் பி.எச்.டி. செய்கிறேன். நான் செய்வது உப்பு. சமையலில் போடுவது அல்ல. சோடியமும் மாங்கனீசும் பாஸ்பேட்டோடு சேர்ந்த உப்பு, வெளிர் ரோஜா நிறத்தில் பார்க்க அழகாக இருக்கும். அதை எனக்கு முன்னால் யாரும் செய்ததாகத் தெரியவில்லை. அதற்குள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று முதன்முதலில் கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் தீசிஸ். முதன்முதலில் என்பதை இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாகச் சொல்பவருக்கு இந்தத் தொழிலில் இலையே போடமாட்டார்கள்.

கல்கண்டுத் துண்டுபோல ஒரே ஒரு நல்ல படிகம் கிடைத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். என் உப்பு அப்படி வளரவே வளராது. என்ன செய்தாலும் மாவாகத்தான் வரும். மாவை வைத்தேதான் கண்டுபிடித்தாக வேண்டும். மாவின்மேல் எக்ஸ்ரேயை விட்டால் சில கோணங்களில் மட்டும் பலமாகத் திரும்பி வரும். கம்ப்யூட்டரில் அது ஒரு கிராஃபாக விழும், கோணத்துக்கு ஒரு பீக்காக. அந்தப் பீக்குகள் நிற்கும் இடங்களை வைத்து, உப்புக்குள்ளே திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கும் மிகச் சின்னப் பெட்டியின் நீள அகலத்தைக் கணக்குப் போட வேண்டும். பாடப் புத்தகத்தில் அலகுக்கூடு என்று இருக்கும். நாங்கள் பெட்டி என்போம். பெட்டி சரியாக இருந்தால் எல்லாப் பீக்குக்கும் அதில் இடம் இருக்கும். ஏதாவது ஒரு பீக் வெளியே நின்றால், ஒன்று பெட்டி தப்பு, இல்லாவிட்டால் அந்தப் பீக் நம் உப்புடையதே அல்ல. கலந்துவிட்ட வேறு ஏதோ பொருளுடையது. அதைத்தான் இம்ப்யூரிட்டி என்போம்.

எனக்கு மூன்று பீக் வெளியே நின்றன. சின்னச் சின்னப் பீக்குகள்தான். கிராஃபைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் கண்ணில் படும்.

அப்போது கமலவல்லி எங்கள் லேபில் எனக்கு சீனியர். அவளுடைய அப்பா தோதாத்ரி சுவாமி திருமலையில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் இருப்பவர். வீடு கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கம். நான் நெசவுக்கார வீடு, கவிச்சி துன்னுகிற வாய். முதல் நாள் என் டிபன் பாக்ஸைத் திறந்ததும் அவள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். ஒரு மாதத்தில் நான் அவளுக்காகவே கத்திரிக்காய்க் குழம்பு எடுத்து வர ஆரம்பித்தேன். அவள் எனக்காகப் புளியோதரையைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டு வருவாள். லேபில் எங்களை ரெட்டைத் தறி என்று கிண்டல் செய்வார்கள். அந்தப் பெயர் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வேலையிலும் அப்படித்தான். நான் அரைப்பேன், சுடுவேன். ஃபர்னஸ் என் சொல் பேச்சுக் கேட்கும். அவளுக்குக் கம்ப்யூட்டர். எந்தக் கிராஃபைக் கொடுத்தாலும் பெட்டியைக் கண்டுபிடித்துவிடுவாள். என்னிடம் ஃபர்னஸ் சந்தேகம் கேட்க அவள் கூச்சப்பட்டதில்லை. அவளிடம் கிராஃப் சந்தேகம் கேட்க நானும் கூச்சப்பட்டதில்லை. ஆகவே அந்த மூன்று பீக்கையும் அவளிடம்தான் முதலில் காட்டினேன்.

மவுஸை உருட்டி உருட்டிப் பெரிதாக்கிப் பார்த்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னாள்:

"இம்ப்யூரிட்டிடீ. கொஞ்சம் ரியாக்ட் ஆகாம தங்கியிருக்கு. திருப்பி அரைச்சு ஃபர்னஸ்ல போடு. சட்டுனு வெளில எடுத்துடாதே, மெதுவா ஆற விடு. போயிடும்."

"பெட்டிய ரெட்டிப்பா வெச்சிப் பாத்தா இன்னா? இந்த மூணும் உள்ள வந்துடாது?" என்று கேட்டேன். எனக்கும் கொஞ்சம் மூளை இருக்கிறது.

"பெட்டியப் பெரிசாக்கிண்டே போனா எந்தக் குப்பையும் அதுல உக்காந்துக்கும். பேப்பரப் பரிசீலிக்கற ரெஃப்ரீ சிரிப்பா. சின்னப் பெட்டியே போறும்."

அவள் சொன்னது பொய்யில்லை. எந்தப் பாடப் புத்தகத்திலும் அந்த எச்சரிக்கை இருக்கும். பெட்டியைக் காரணமில்லாமல் பெரிதாக்காதே என்று எங்கள் கைடு கிருஷ்ணப்பா சாரும் வகுப்பில் சொல்லியிருக்கிறார். நான் அடங்கிவிட்டேன்.

அன்றிலிருந்து அரைக்க ஆரம்பித்தேன். அகேட் மார்ட்டர் என்கிற சின்னக் கல் உரலில் மணிக்கணக்காக அரைத்தால் உள்ளங்கை காய்த்துப்போகும். வில்லையாக அழுத்தி, ஃபர்னஸில் வைத்து, வாரக்கணக்கில் சூட்டில் விட்டு, அவள் சொன்னபடி மெதுவாக ஆறவைத்து எடுத்தேன். எக்ஸ்ரே போட்டுப் பார்த்தால் மூன்றும் அப்படியே நின்றன. போதாததற்கு முன்பைவிட நிமிர்ந்து நின்றன. புதுக் கெமிக்கல் வாங்கிச் செய்தேன். கழுவிப் பார்த்தேன். மறுபடி அரைத்து, மறுபடி சுட்டேன். இன்னும் நிமிர்ந்தன.

"இன்னாடி இது, சுடச்சுட வளருது?" என்று அவளிடமே போய்க் கத்தினேன்.

"சூட்டுல இம்ப்யூரிட்டியும்தான் நன்னா க்ரிஸ்டலைஸ் ஆகும். பொறுமையா இரு. இன்னும் மெதுவா ஆற வெச்சுப் பாரு" என்றாள். "எனக்கும் கொஞ்சம் குடேன், நானும் பாக்கறேன்."

பட்டர் பேப்பரில் மடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் கொடுத்தேன். கேட்காமலேகூடக் கொடுத்தேன்.

வார விடுமுறைக்கு நகரிக்குப் போனால் நைனா தறியை நிறுத்திவிட்டு வந்து கேட்பார்: "இன்னாமா, உன் உப்பு உக்காந்துச்சா?" அவருக்குப் பெட்டிக் கணக்கை ஒருமுறை விளக்கியிருந்தேன். டிசைன் ரிப்பீட் ஆகிற மாதிரி என்றதும் டக்கென்று பிடித்துக்கொண்டார். தெருவில் எல்லோரிடமும், எம்பொண்ணு உலகத்துலயே யாரும் பாக்காத உப்பு ஒண்ணு கண்டுபிடிச்சிக்கினு இருக்கு என்று சொல்லி வைத்திருந்தார். எனக்கு வெட்கமாகவும் இருக்கும், அதைக் கேட்கப் பிடித்தும் இருக்கும்.

கமலவல்லி தீசிஸைக் கொடுத்துவிட்டுப் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தாள். ரேணிகுண்டா ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டபோது இரண்டு பேரும் அழுதோம். நான் கடைசியாகச் சுட்ட மாவையும் கையோடு எடுத்துப்போனாள். அங்கே பெரிய மெஷின் இருக்கிறது, ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். சொன்னாள். இம்ப்யூரிட்டியேதான், அந்த மூன்றை விட்டுவிட்டு மீதியை வைத்து எழுது என்று போனில் சொன்னாள்.

எழுதினேன். போன வருஷம் எங்கள் டிபார்ட்மென்ட் ஹாலில், எல்லோர் முன்னாலும், அந்த மூன்று பீக்குக்கும் மேலே நானே சிவப்பில் நட்சத்திரம் போட்டு, இவை இம்ப்யூரிட்டி என்று சொன்னேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. இந்த வருஷம் பேப்பரை அனுப்பத் தயாராக வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பல்கலைக்கழகத்தில் கருத்தரங்கு. பெங்களூரிலிருந்து கமலவல்லி பேச வருகிறாள் என்றார்கள். நான் தலைகால் புரியாமல் ஓடினேன். அவளுக்கு கெஸ்ட் ஹவுஸ் ரூம் பார்த்தது நான். ஃபில்டர் காபி ஃபிளாஸ்க் கொண்டுபோனது நான். அவள் கட்டியிருந்தது நைனா கொடுத்த புடவை. முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

மூன்றாவது ஸ்லைடிலேயே என் உப்பு வந்தது. ரோஜா நிற மாவு, வெள்ளைத் தட்டில். அடுத்த ஸ்லைடில் கிராஃப். அந்த மூன்று பீக்கும் நெடுநெடுவென்று நின்றன. அவற்றின்மேல் நட்சத்திரம் இல்லை, பெட்டியில் இடம் கிடைத்ததற்கு அடையாளமாக எண்கள் இருந்தன. பெட்டி ஒரு பக்கம் ரெட்டிப்பு. இந்த உப்பில் சோடியம் இருக்கும் இடமும் காலி இடமும் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன, அந்த ஒழுங்குக்குச் சாட்சிதான் இந்த மூன்றும் என்றாள். பேப்பர் அந்த வாரம்தான் வெளிவந்ததாம். பிறகு அந்தக் கடைசி ஸ்லைடு. உப்பைத் தயாரித்துத் தந்த தோழி உதயாவுக்கு நன்றி.

கைதட்டல் ஓய்வதற்குள் எழுந்தேன்.

வெளியே வந்ததும் கிருஷ்ணப்பா சாரைப் பிடித்தேன்.

"சார், அது என் உப்பு."

"உப்பு நீதே தல்லி. ஸ்ட்ரக்சர் அந்தப் பொண்ணுது" என்றார். அவர் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார். "பேரு கூட போட்டுச்சு கதா?"

"இம்ப்யூரிட்டின்னு சொன்னதே அவதான் சார்."

"எவரு சொன்னா ஏமி? போன வருஷம் இதே ஹால்ல ஸ்டார் போட்டுக் காட்டினது நீ. நான் எதிர்ல உக்காந்து பாத்தேன்." அவர் குரலில் கோபமில்லை, பரிதாபம்தான் இருந்தது. "தீசிஸுக்கு பாதை மாத்திக்கலாம். உப்பு செய்யற முறைன்னு ஒரு சாப்டர் எழுதிடு. ஸ்ட்ரக்சருக்கு அந்தப் பொண்ணு பேப்பரைக் காட்டிடு."

என் உப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல, என் தீசிஸில் நான் அவள் பெயரைப் போட வேண்டும். நைனாவிடம் இதை எந்த பாஷையில் சொல்வது என்று தெரியவில்லை.

ஆனாலும் எனக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அன்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு இம்ப்யூரிட்டி என்று சொன்னாளே, அப்போது அவளுக்கு உண்மை தெரியுமா, தெரியாதா? தெரியாமல் சொல்லி, பிறகு பெங்களூரில் கண்டுபிடித்து, ஆசையில் தானே வைத்துக்கொண்டாள் என்றால் அது அல்பத்தனம். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, கொஞ்ச காலம் பேசாமல் இருந்து, மறுபடி சேர்ந்துகொள்ளலாம். தெரிந்தே சொன்னாள் என்றால், அவளோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒவ்வொரு மத்தியானமும் பொய். இதை அவளைத் தவிர வேறு யாரும் எனக்குச் சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டாள். "அலிபிரிக்கு வரியா? படி பூஜை பண்ணணும், வேண்டுதல். ஏறிண்டே பேசலாம்."

போனேன். செருப்பை விட்டுவிட்டு, அங்கே தொடங்கும் திருமலைப் படிகளில் ஏற ஆரம்பித்தோம். படி பூஜை என்றால் ஒவ்வொரு படியிலும் குனிந்து மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து ஏற வேண்டும். அவள் மஞ்சள் தடவினாள். குங்குமக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, படிக்குப் படி அதில் விரலைத் தொட்டுத் தானே பொட்டு வைத்தாள். பக்கத்தில் ஜனங்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"கோவமா இருக்கியாடீ?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"இல்ல, குளுகுளுன்னு இருக்குது. எப்ப தெரிஞ்சிது உனுக்கு?"

"பெங்களூர் போனப்பறம்தான் தோணித்து."

"போனப்பறம் போன்ல இம்ப்யூரிட்டின்னு சொன்னியே?"

"அதுக்கும் அப்பறம்." அடுத்த படிக்கு நகர்ந்தாள். "சொல்லணும்னு எத்தனையோ தடவை போனை எடுத்தேன் உதயா. நீ ஹால்ல வேற பேசிட்டே. எந்த மூஞ்சிய வெச்சுண்டு சொல்றது? பாஸ் வேற பேப்பரை அனுப்பு அனுப்புன்னு அவசரப்படுத்தினார். தப்புதான். பேப்பர்ல ஆதர் லிஸ்ட்ல உன் பேரைப் போட்டிருக்கணும். பயந்துட்டேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. என் சுபாவம் எனக்கே பிடிக்காது. பால் மாதிரி பொங்குவேன், ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் அடங்கிவிடுவேன். தெரியாமல்தான் சொல்லியிருக்கிறாள் என்று கேட்டதும், நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இறங்கியது. தீசிஸ் போனது போனதுதான். ஆனால் இவளை நான் இழக்க வேண்டியதில்லை.

"நகரு, பூசிட்டு போய்க்கினே இரு. குங்குமத்த நான் வெக்கறேன்" என்றேன்.

அவள் மஞ்சள் தடவ, பின்னாலேயே நான் பொட்டு வைத்தேன். வேலை கடகடவென்று ஓடியது. எங்கள் இருவருக்கும் எந்த வேலையும் அப்படித்தான் ஓடும். கொஞ்ச நேரத்தில் லேப் கதைகள் பேசிச் சிரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டோம்.

சத்தியவேட்டிலிருந்து வந்த ஓர் அம்மாள் மூச்சு வாங்க எங்கள் பக்கத்தில் நின்றார். படிகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இன்னா வேண்டுதல்மா? கல்யாணமா, கொயந்தையா?" என்று கேட்டார்.

கமலவல்லி மஞ்சள் கையோடு நிமிர்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக அவருக்குப் பதில் சொன்னாள். வேண்டுதலைப் பற்றி யாராவது கேட்டால், அதுவும் மலைப் படியில், யாரும் மாற்றிச் சொல்லமாட்டார்கள்.

"அதெல்லாம் இல்ல மாமி, படிப்பு விஷயம். எங்க லேப்ல ஒரு உப்பு. ஒவ்வொரு தடவையும் ஃபர்னஸ்ல வெக்கறச்சே, அதுல வந்த மூணு அடையாளம் அழியாம இருக்கணும், இன்னும் நன்னா வளரணும்னு வேண்டிண்டேன். பெருமாள் வளத்துக் குடுத்துட்டார்."

"நல்லா இரு தாயி" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் ஏறிப் போனார்.

என் விரல் படியிலேயே நின்றுவிட்டது. ஃபர்னஸ் பெங்களூரில் இல்லை. ஃபர்னஸ் என்னுடையது. அதில் வைத்ததெல்லாம் நான்.

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. நிஜமான இம்ப்யூரிட்டியாக இருந்தால், அரைத்து அரைத்துச் சுட்டால் குறையும். உப்பின் சொந்த ஒழுங்காக இருந்தால், மெதுவாக ஆற ஆற வளரும். முதலில் அந்த மூன்றும் மிகச் சின்னதாக இருந்தன, அவற்றை வைத்து அவளால் ஒன்றும் கணக்குப் போட்டிருக்க முடியாது. அவை பெரிதாக வேண்டும். பெரிதாக்க வாரக்கணக்கில் சுட வேண்டும். ஃபர்னஸ் கை அவளுக்கு இல்லை, எனக்கு இருந்தது. அதனால் இம்ப்யூரிட்டி என்றாள். மெதுவாக ஆற விடு என்றாள். போக்குவதற்கு என்று நினைத்து நான் சுட்டேன், அவளுக்காக வளர்த்துக்கொடுத்தேன். அதே நாட்களில், ஃபர்னஸ் கதவைச் சாத்தும்போதெல்லாம் நானும் இதே மலையைப் பார்த்துக் கும்பிட்டேன், இந்த மூன்றும் போய்த் தொலையட்டும் என்று.

அவளும் நான் நின்றதைப் பார்த்துவிட்டாள். என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கும் உறைத்துவிட்டது.

"அன்னிக்கே தெரியும் உனுக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது.

அவள் மஞ்சளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ஒவ்வொரு தடவையும் வளந்துதே உதயா. நீயே கண்டுபிடிச்சிடுவேன்னு நெனச்சேன். நீதானே டெய்லி பாத்துண்டிருந்தே?"

"நான் எங்கடி அத பாத்தேன்? உன் மூஞ்சியத்தான பாத்துக்கினு இருந்தேன்."

நான் திரும்பினேன். ஒரு படி இறங்கியிருப்பேன், பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"படி பூஜையப் பாதில விடக் கூடாதுடீ. கிண்ணத்தையாவது குடுத்துட்டுப் போ."

திரும்பி ஏறி அவள் கையில் வைத்தேன். "மீதிய நீயே வெச்சிக்கோ" என்றேன்.

இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் அவள் தடவிய மஞ்சளின்மேல் நான் வைத்த பொட்டு இருந்தது. இந்த வேலையையும் நானே அவளுக்குச் செய்து கொடுத்திருந்தேன். மிதிக்காமல் இறங்கப் பார்த்தேன், முடியவில்லை. கால் தடுமாறி ஓரமாக உட்கார்ந்து, நகரிக்காரி மாதிரியே சத்தம் போட்டு அழுதேன். ஏறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், வேண்டுதல் பலித்துத்தான் அழுகிறேன் என்று நினைத்து, என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஏறிப் போனார்.